மார்க்கர் போட்ட கோடு

என் அன்பு அண்ணன் ஆரோக்கியத்துக்கு,

நம் கல்லூரி உன் மேல் பொய் சொல்லியிருக்கிறது. வாலிபால் கோர்ட்டைத் தப்பாக அளந்து, இத்தனை வருஷம் டீமைத் தோற்கடித்தது நீதான் என்று புதுக் கோர்ட் திறப்பு விழாவில் மைக் வைத்து வாசித்தார்கள். இன்னும் சில வாரத்தில் அதையே கல்லூரி மலரில் அச்சடிக்கப் போகிறார்கள். அந்தத் தப்பைச் செய்தவன் நான். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

இன்று கல்லறைத் திருநாள். காலையில் அம்மாவும் நானும் நடந்தே வந்தோம். உன் கல்லறை மேட்டில் புல்லைப் பிடுங்கிவிட்டுச் சுண்ணாம்பு அடித்தேன். எனக்குச் சரியாக வரவில்லை, திட்டுத்திட்டாக நின்றது. "அவன் இருந்தா ஒரே இழுப்புல அடிச்சிருப்பான்" என்றாள் அம்மா. பிறகு வாசல் பக்கம் பார்த்துக்கொண்டே, "காலேஜ்லேருந்து யாராச்சும் வருவாங்களாடா?" என்று கேட்டாள். மெழுகுவத்தி கரைகிறவரை உட்கார்ந்திருந்தோம். யாரும் வரவில்லை.

இதைப் படிக்கிறவர்களுக்கு உன்னைத் தெரியாது. அதனால் உனக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்.

நீ கல்லூரி மைதானத்தில் மார்க்கர். சுண்ணாம்பு கரைத்துக் கோடு போடுவது, நெட் கட்டுவது, பந்துக்குக் காற்றடிப்பது, எல்லோரும் போன பிறகு எல்லாவற்றையும் எடுத்து வைப்பது. எழுத்தில் உன் வேலை அவ்வளவுதான். எழுத்தில் இல்லாத வேலை ஒன்று இருந்தது. வாலிபால் டீமுக்குப் பயிற்சி கொடுப்பது. ஃபிசிக்கல் டைரக்டர் மர நிழலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படிப்பார். நீ ஸ்டூல் மேல் ஏறி நின்று பந்தை அடித்துக்கொண்டே இருப்பாய், நாங்கள் விழுந்து விழுந்து எடுப்போம். ஜெயித்தால் போட்டோவில் அவர் நடுவில் உட்காருவார். நீ போட்டோ எடுக்கிறவருக்குப் பின்னால் நின்று பந்துகளைக் கோணியில் போட்டுக்கொண்டிருப்பாய்.

நான் அந்த டீமின் கேப்டன். உன் கூடப் பிறந்த தம்பி. இந்த இரண்டும் ஒரே ஆள் என்று ஃபிசிக்கல் டைரக்டரைத் தவிர அங்கே யாருக்கும் தெரியாது.

"கிரவுண்டுல என்னை அண்ணன்னு கூப்பிடாதடா. மார்க்கர்னே கூப்பிடு. பசங்க உன்னை ஒரு மாதிரி பாப்பானுங்க" என்று முதல் நாளே நீ சொன்னாய். நான் ஒரு பேச்சுக்குக்கூட மறுக்கவில்லை. எப்போது சொல்வாய் என்று காத்திருந்தவன் போலத் தலையாட்டினேன். பொன்மலையிலிருந்து தினமும் உன் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து வருவேன். கல்லூரி கேட் தெரிவதற்கு முந்தின முனையில் இறங்கிக்கொள்வேன். நீ முன்னால் போவாய். நான் கொஞ்ச நேரம் கழித்து, வேறெங்கிருந்தோ வருகிறவன் மாதிரி நடந்து வருவேன்.

இப்போது அந்தச் சைக்கிளை நான் ஓட்டுகிறேன். கேரியரில் யாரும் இல்லை. அந்த முனை வந்ததும் கால் தானாகத் தரையில் ஊன்றிவிடுகிறது. இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறேன்.

கோடு போட்ட விஷயத்துக்கு வருகிறேன். நான் அப்போது ஒன்பதாவது படித்தேன், நீ ஏற்கெனவே அங்கே மார்க்கர். ஒன்பது பேர் ஆடிக்கொண்டிருந்த ஆட்டம் ஆறு பேர் ஆட்டமாகிறது, கோர்ட்டும் சின்னதாகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. புது விதிகள் அச்சடித்த ஒரு இங்கிலீஷ் புத்தகத்தை நீ யாரிடமோ இரவல் வாங்கி வந்தாய். நீ ஐந்தாவதோடு நின்றவன். அப்பா போன பிறகு நீ நின்றதால்தான் நான் படித்தேன். அதனால் நான் வாசித்தேன், நீ கேட்டாய்.

"நீளம் பதினெட்டு மீட்டர், அகலம் ஒன்பது மீட்டர்."

"மீட்டர்னா எவ்வளவுடா?"

"கஜம்தான்."

"கஜம்னா கஜம்னு போட வேண்டியதுதானே? எதுக்கு மீட்டர்ங்கிறான்?"

"வெள்ளைக்காரன் கஜம்னு சொல்லுவான், மத்த நாட்டுக்காரன் மீட்டர்னு சொல்லுவான். ரெண்டும் ஒண்ணுதாண்ணே."

"நிச்சயமாவா?"

"படிக்கிறது நானா நீயா? உனக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?"

நீ சிரித்தாய். "சரிங்க வாத்தியாரே" என்றாய். மறுநாள் ஒரு கயிற்றில் கஜத்துக்கு ஒன்றாகப் பதினெட்டு முடிச்சுப் போட்டாய். அந்தக் கயிற்றை வைத்துத்தான் நம் கோர்ட். ஒரு மீட்டர் ஒரு கஜத்தைவிட மூன்று அங்குலத்துக்கு மேல் பெரியது. நீளத்தில் ஐந்தடி குறைந்துவிட்டது, அகலத்தில் இரண்டரை அடி. யார் கண்ணிலும் படவில்லை. புது ஆட்டத்துக்குச் சின்னக் கோர்ட் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். ஃபிசிக்கல் டைரக்டர் ஒரு நாளும் டேப்பைப் பிடித்ததில்லை. அளந்து பார்ப்பது அவர் வேலை. அதையும் நான் இங்கே சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் என்னை விட்டுவிட முடியாது. ஒரு வருஷம் கழித்து எங்களுக்கு மீட்டர் பாடம் வந்தது. முப்பத்தொன்பது அங்குலம் சொச்சம் என்று மனப்பாடம் செய்து, பரீட்சையில் எழுதி, மார்க்கும் வாங்கினேன். உன் கயிறு எனக்கு ஞாபகமே வரவில்லை.

நம் மைதானத்தில் நம்மை யாரும் ஜெயித்ததில்லை. வெளியூர் போனால் தோற்போம். தோற்கிற விதமும் ஒன்றேதான். எதிராளி அடித்த பந்து தலைக்கு மேல் போகும். "அவுட்" என்று கத்திவிட்டு ஒதுங்கி நிற்போம். பந்து பின்கோட்டுக்கு உள்ளே விழும். மூன்று வருஷம், மூன்று ஃபைனல். "திருச்சிக்காரங்க பந்துக்கு வழி விட்டு வணக்கம் வைக்கிறாங்கப்பா" என்று கூட்டத்தில் ஒருவன் கத்த, கூட்டமே சிரித்தது.

உனக்கு மட்டும் சந்தேகம் வந்தது. "வெளியூர் கோர்ட்டு பெருசா இருக்குற மாதிரி இருக்குடா" என்று பஸ்ஸில் என் காதோடு சொன்னாய். முன் சீட்டில் இருந்த ஃபிசிக்கல் டைரக்டருக்குக் கேட்டுவிட்டது. "தோத்துட்டா கோர்ட்டு பெருசாத்தான்ப்பா தெரியும்" என்றார். பஸ் சிரித்தது. நானும் சிரித்தேன்.

போன வருஷம் தஞ்சாவூரில் ஃபைனலுக்கு முன்னால் நீ பின்கோட்டின் மேல் ஒரு காலுக்கு முன்னால் ஒரு காலாக வைத்து நடக்க ஆரம்பித்தாய். உதடு அசைந்தது, அளந்துகொண்டிருந்தாய். அந்த ஊர்ப் பையன்கள் உன்னைக் காட்டிச் சிரித்தார்கள். "யாருய்யா அது, கம்பி மேல நடக்குறவரு?" எனக்கு வெட்கமாகப் போயிற்று. கேப்டன் குரலில், "மார்க்கர், வெளியே வாங்க" என்று கூப்பிட்டேன். நீ நிமிர்ந்து என்னைப் பார்த்தாய். அப்போது எத்தனை அடி எண்ணியிருந்தாய்? இன்னும் பத்து அடி வைத்திருந்தால் உனக்கு எல்லாம் தெரிந்திருக்கும். நான் கூப்பிட்டதும் கோட்டை விட்டு இறங்கி வந்துவிட்டாய்.

அந்த மூன்றாவது தோல்விக்குப் பிறகுதான் கல்லூரிச் செயலாளர் முடிவு செய்தார். இந்தியா டீமுக்கே பயிற்சி கொடுத்தவரை நம் கல்லூரிக்குக் கூட்டி வருவது என்று. அவருக்கு ஹாஸ்டலில் தனி அறை, மைதானத்தில் தனி நாற்காலி. எனக்கு எரிச்சலாக இருந்தது. இத்தனை வருஷம் டீமைக் கட்டிக் காத்தவனுக்கு ஸ்டூல், வருகிறவருக்கு நாற்காலியா என்று வீட்டில் கத்தினேன். அந்த நாற்காலிக்குப் பச்சை பெயின்ட் அடித்ததே நீதான். முதுகில் இங்கிலீஷில் 'கோச்' என்று எழுத வேண்டும் என்றாய். நான் காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன், நீ எழுத்து எழுத்தாகப் பார்த்து வரைந்தாய். பெயின்ட் காய்ந்த பிறகு, யாரும் இல்லாத நேரத்தில், ஒரு தடவையாவது அதில் உட்கார்ந்து பார்த்தாயா?

"அவர் வந்தா ஒண்ணே ஒண்ணு கேக்கணும்டா. வெளியூர்ல மட்டும் ஏன் நம்ம பசங்க பந்தை விட்டுடுறானுங்க? இந்தியா டீமுக்கே சொல்லிக் கொடுத்தவருக்குத் தெரியாமலா இருக்கும்? நீ இங்கிலீஷ்ல கேட்டுச் சொல்லு" என்றாய். சாப்பிடும்போது, சைக்கிள் மிதிக்கும்போது என்று அந்தக் கோடை முழுவதும் அதையே சொன்னாய்.

அவர் வருவதற்குள் மைதானம் ஜோராக இருக்க வேண்டும் என்று கம்பங்களைப் பிடுங்கித் திரும்ப நட்டாய். கம்பத்தை இழுத்துக் கட்டுகிற பழைய கம்பி, துருப்பிடித்தது, உள்ளங்காலில் ஏறிவிட்டது. வெறுங்கால். பையன்களுக்குக் கான்வாஸ் ஷூ வந்தபோது மார்க்கருக்கும் ஒன்று வாங்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். நீ மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாய். எட்டாம் நாள் காலையில் உன்னால் வாய் திறக்க முடியவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம், டெட்டனஸ் என்றார்கள். மூன்றாம் நாள் முடிந்துவிட்டது. கல்லூரிக்கு லீவு. பையன்கள் எல்லாம் அவரவர் ஊரில் இருந்தார்கள். நோட்டீஸ் போர்டில் இரண்டு வரி ஒட்டியிருந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

ஜூலையில் கோச் வந்தார். வடக்கே எங்கேயோ சொந்த ஊர். நெட்டை ஆள், மீசை நரைத்துவிட்டது. அவரை வெறுக்க வேண்டும் என்று தயாராகத்தான் போனேன். முதல் நாள் அவர் பந்தைத் தொடவே இல்லை. பையிலிருந்து ஒரு டேப்பை எடுத்தார். "கேப்டன், அந்த முனையைப் பிடி" என்றார். பிடித்தேன். அவர் அந்தக் கோடிக்குப் போய்க் குனிந்து பார்த்தார். திரும்பவும் பார்த்தார். அகலத்தையும் அளந்தார். பிறகு எல்லோரையும் கூப்பிட்டு, "இது வாலிபால் கோர்ட்டே இல்லை" என்றார்.

உன் கேள்விக்குப் பதில் வந்துவிட்டது, அண்ணே. நீ போய் ஒன்றரை மாதம் கழித்து.

பையன்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். "மார்க்கரு கணக்குல ஃபெயில் போலிருக்கே" என்றான் ஒருவன். "டேய், செத்தவரைப் பத்திப் பேசாதடா" என்றான் இன்னொருவன். "நான் எங்கடா பேசுறேன், அவரு கயிறுதான் பேசுது" என்றான் முதலாமவன். நல்ல பையன்கள்தான். நீ ஊட்டி வளர்த்த மாதிரி வளர்ந்தவர்கள். டேப்பின் முனை என் கையிலேயே இருந்தது. பதினெட்டு முடிச்சும் யார் சொல்லி விழுந்தது என்று எனக்குத் தெரியும். நான் டேப்பை மட்டும் சுற்றிக் கொடுத்தேன்.

போன மாதம் புதுக் கோர்ட் திறப்பு விழா. சாமியானா, மாலை, மைக். ஃபிசிக்கல் டைரக்டர் அறிக்கை வாசித்தார். "எழுத்தறிவற்ற ஊழியர் ஒருவரின் தவறான அளவுகளே நமது தொடர் தோல்விகளுக்குக் காரணம் என்பதை நமது பயிற்சியாளர் வந்த அன்றே கண்டறிந்தார்." அவருக்கு நீ யார், நான் யார் என்று தெரியும். வாசிக்கும்போது என் பக்கம் பார்க்காமல் தாளையே பார்த்தார். எல்லோரும் கை தட்டினார்கள். என் கையும் தட்டியது.

விழா முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கோச் என்னைக் கூப்பிட்டு, "எனக்கு ஒரு விஷயம் புரியவில்லை. உங்கள் பையன்கள் அடிக்கிற பந்து வெளியே போகவே மாட்டேன் என்கிறது. இந்தியா டீமில்கூட இவ்வளவு கச்சிதமாக அடிக்கிறவர்கள் குறைவு. யார் பழக்கியது?" என்று கேட்டார்.

"மார்க்கர்" என்றேன்.

"கோடு போட்டவரா? பேர் என்ன?"

அந்த மைதானத்தில் உன் பெயரைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். "ஆரோக்கியம்" என்றேன். பிறகு, "எங்க அண்ணன்" என்றேன். தமிழில்தான் வந்தது. இங்கிலீஷில் திரும்பச் சொன்னேன். மீட்டர், கஜம், நான் படித்துச் சொன்னது, தஞ்சாவூரில் உன்னைக் கூப்பிட்டது, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் உன் பச்சை நாற்காலியில் உட்காரப் போனவர் நின்றுகொண்டே கேட்டார்.

"நான் அளந்ததை மட்டும்தான் சொன்னேன். யார் தப்பு என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியவன் நீ. என்னிடம் இல்லை" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் போனேன். உத்தர வீதியில் செயலாளர் வீடு. வாசலை ஒட்டின ரேழியில் நிற்க வைத்துப் பேசினார். காப்பி கொண்டுவரச் சொன்னார், நல்ல மாதிரியாகத்தான் பேசினார். அவருக்கு வெள்ளி டம்ளரில் வந்தது. எனக்குக் கண்ணாடி கிளாஸில் வந்தது. நான் குடிக்கவில்லை. நடந்ததைச் சொன்னேன். அறிக்கையில் அந்த வரியை எடுத்துவிட்டு என் பெயரைப் போட வேண்டும் என்றேன்.

"அதெப்படிப்பா? நீ கேப்டன். கேப்டன் தப்புப் பண்ணினான்னு அச்சடிச்சா காலேஜுக்குன்னா அசிங்கம்?"

"தப்புப் பண்ணினது நான்தானுங்க."

"ஸ்கூல் படிக்கறச்சே பண்ணினது. அதைப் போய் இப்போ கிளறுவாளா? அவனோ போயிட்டான். அவன் பேர்லேயே இருந்துட்டுப் போகட்டுமே. இனிமே அவனுக்கு என்ன நஷ்டம் சொல்லு."

நான் காப்பி கிளாஸை ஓரமாக வைத்தேன்.

"ஆமா, அவனுக்காக நீ ஏன் இப்படி அலையறே? அவன் உனக்கு என்ன வேணும்?"

"எங்க அண்ணன்."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "அண்ணனா? மூணு வருஷமா ஒரே கிரவுண்டுலே இருந்தேளே, நீ சொல்லவே இல்லையே?"

அந்தக் கேள்வியோடு பாலம் தாண்டித் திரும்பி வந்தேன்.

எழுத்திலும் கொடுத்தேன். செயலாளருக்கு ஒன்று, ஃபிசிக்கல் டைரக்டருக்கு ஒன்று, மலர் ஆசிரியருக்கு ஒன்று. மலர் ஆசிரியர் மட்டும் திருப்பி அனுப்பினார், உறையைப் பிரிக்காமல். அதனால்தான் உனக்கு எழுதுகிறதை ஊருக்குத் தெரிகிற மாதிரி எழுதுகிறேன். அந்த வரியை எடுங்கள் ஐயா. எங்கள் அண்ணனுக்குப் படிப்பு இல்லை, உண்மைதான். இருந்தவன் தப்பாகச் சொன்னான். அந்த இருந்தவன் பெயரைப் போடுங்கள்.

நம் வீட்டுச் செய்தி பெரிதாக ஒன்றுமில்லை. அம்மா உன் தட்டை எடுத்துக் கவிழ்த்து வைத்திருக்கிறாள். விடிகாலையில் ரயில்வே ஒர்க்‌ஷாப் சங்கு ஊதினதும் எழுந்திரிக்கிறாள், யாரையும் எழுப்புவதற்கில்லை. டீம் நன்றாக ஆடுகிறது. புதுக் கோர்ட்டில் பின்கோட்டுப் பந்தை இப்போது யாரும் விடுவதில்லை. இந்த வருஷம் ஜெயித்துவிடுவோம் போலிருக்கிறது. ஜெயித்தால் போட்டோ எடுப்பார்கள். அதை நினைத்தால்தான் எனக்கு ஆட்டத்துக்குப் போகவே மனசு வரவில்லை. அடித்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன், ஸ்டூல் இருந்த இடத்தில் புல் முளைத்திருக்கிறது.

ஒன்று சத்தியமாகச் சொல்கிறேன். நாளையிலிருந்து அந்த முனையில் இறங்க மாட்டேன். உன் சைக்கிளில் கேட் வரைக்கும், கேட்டுக்கு உள்ளேயும் ஏறியபடியே போவேன். யார் சைக்கிள் என்று எவன் கேட்டாலும் எங்க அண்ணன் சைக்கிள் என்று சொல்வேன்.

நீ எனக்கு ஒன்று செய்ய வேண்டும். ஆஸ்பத்திரியில் வாய் கட்டிப் போன பிறகும் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாய். திட்ட நினைத்தாயா, தண்ணீர் கேட்டாயா, எனக்குத் தெரியவில்லை. புத்தகம் வாசித்த அன்றைக்கு நான் உன்னைக் கேட்டதை ஒரு தடவை நீ என்னைத் திருப்பிக் கேட்டுவிடு. "உனக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?" என்று கேள். கோபமாகவே கேள். கேளு, அண்ணே.

உன் கூடப் பிறந்த தம்பி,
சவரிராஜ்